குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வருட அறிக்கையில் பெரும்பகுதி வாத்துகளைப் பற்றித்தான். தெருவிளக்கு, குப்பை வண்டி நேரம், இரண்டாவது குறுக்குத் தெரு வடிகால் எல்லாம் மாதக் கூட்டங்களில் பேசி முடித்தவை, நிலவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நம் ஏரியில் கொண்டுவந்து விட்ட வளர்ப்பு வாத்துகளை என்ன செய்வது என்ற விஷயம் அப்படி இல்லை. அதில் நமக்குள்ளேயே இரண்டு தரப்பு இருந்தது, கொஞ்சம் மனக்கசப்பும் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதனால் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

யாரும் கெட்ட எண்ணத்தில் வாத்து விடவில்லை. பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிய குஞ்சு வளர்ந்து மொட்டை மாடியை நாறடித்ததும் ஏரியில் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு, வீடு காலி செய்யும்போது விட்டுப்போனவர்கள் உண்டு, ஏரிக்கு அழகு, கொசுப்புழுவைத் தின்னும், ஆகாயத்தாமரையை ஒழிக்கும் என்று நம்பி ஜோடியாக வாங்கி விட்டவர்களும் உண்டு. ஆகாயத்தாமரை குறையவே இல்லை. வாத்துதான் பெருகியது. வெள்ளை பெக்கின், ஆரணிப் பக்கம் வயலில் மேய்க்கிற நாட்டு வாத்து, முகத்தில் சிவப்பு மருக்களோடு இருக்கும் மஸ்கோவி என்று எல்லாம் கலந்து ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் பக்கம் ஒரு பண்ணை அளவுக்கு ஆகிவிட்டது.

வாத்துதானே, தண்ணீரில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறோம். பிழைக்காது. பெக்கினை மனிதன் இறைச்சிக்காக எடை ஏற்றி வளர்த்திருக்கிறான், அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பறக்க அதன் இறக்கையால் முடியாது. ராத்திரியில் தெருநாய் வந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை, விடியற்காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கரையில் சிதறிய இறகுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். வயலில் மேய்க்கிறவர்கள் ஐந்தாறு பெட்டைக்கு ஒரு ஆண் என்று கணக்கு வைத்து வளர்ப்பார்கள். இங்கே அந்தக் கணக்கு எதுவும் கிடையாது, ஆண் வாத்துகள்தான் அதிகம். மதகுப் படியில் ஒதுங்கி நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள், பிடரியில் ஒரு இறகு இல்லாமல் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஆண் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அலகால் கவ்வி ஏறி ஏறி வந்த காயம் அது. இப்படி அமுக்கியே பெட்டையைத் தண்ணீரில் மூழ்கடித்துவிடுவதும் உண்டு. அழகுக்கு விட்டோம் என்று சொல்கிறவர்கள் அந்தப் பிடரியை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும்.

போன மே மாதம் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கி, மீதியும் பச்சைப் பெயின்ட் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. வாத்து எச்சத்தில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் இருக்கிறது, பாசிக்கு அது உரம். கழிவுநீர்க் கசிவும் காரணம்தான், அதை மறைக்கவில்லை, ஆனால் ஏற்கெனவே திணறும் ஏரிக்கு இது கூடுதல் சுமை. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் ராத்திரியில் தானும் சுவாசிக்கும், செத்து அழுகும்போது மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, சிலது மிதந்தன.

அந்த வாரமே வாத்துகளும் விழ ஆரம்பித்தன. கால் நடக்காது, கழுத்து துவண்டு தலை தண்ணீரிலேயே கிடக்கும். பார்க்க வந்த கால்நடை மருத்துவர் பாட்டுலிசமாக இருக்கலாம் என்றார். வெயிலில் சூடேறிய, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சால் வரும் நோய் அது. செத்த பறவையில் வைக்கிற புழுவில் அந்த நஞ்சு சேரும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்னும் அடுத்த வாத்து சாகும், அதன் உடம்பிலும் புழு வைக்கும். இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி செத்ததை உடனே எடுத்துப் புதைப்பது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அந்த நாற்றத்தில் இறங்கி வேலை செய்த ஐந்தாவது தெருத் தம்பிகளுக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

அதற்குச் சற்று முன்புதான், ஏப்ரலில், ஆலப்புழை மாவட்டத்தில் எடத்துவா, செறுதனை பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்திருந்தது. 2014இலும் 2021இலும் அதே மாவட்டத்தில் வந்தது. நம் ஏரியில் காய்ச்சல் இல்லை, பயப்படத் தேவையில்லை. ஆனால் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் நீலச்சிறகு வாத்தும் தட்டைவாயனும் இதே தண்ணீரில் இறங்குகின்றன. தெருக்கோழியோடும் பிள்ளைகளோடும் புழங்குகிற வளர்ப்பு வாத்து அவற்றோடு சேர்ந்து மேய்வது நல்லதல்ல. நோய் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கேடுதான்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய கவலை புள்ளிமூக்கு வாத்து. அதுதான் நம் ஏரியின் சொந்தக்காரன், அலகு நுனியில் மஞ்சள் புள்ளியோடு கோரைக்குள் கூடு கட்டும். பெக்கினும் நாட்டு வாத்தும் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை, புள்ளிமூக்குக்கு நெருங்கிய உறவு, இரண்டும் கலந்தால் பிறக்கும் குஞ்சும் முட்டையிட்டுப் பெருகும். நியூசிலாந்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மல்லார்டோடு கலந்து கலந்து அங்குள்ள சாம்பல் வாத்தை அசலாகப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. புளோரிடாவிலும் உள்ளூர் வாத்து ஒன்றுக்கு இதே ஆபத்து. நம் ஏரி நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. ஃபெஞ்சல் புயல் மழையில் கலங்கல் வழிந்தபோது சில வாத்துகள் வாய்க்காலோடு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காரணங்களால்தான், புயலுக்கு முன்பே, செப்டம்பர் கூட்டத்தில் வாத்துகளை அப்புறப்படுத்துவது என்று முடிவெடுத்தோம். எதிர்த்தவர்களின் வாதத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், தினமும் சோறு போட்டவர்களுக்கு அவை வீட்டுப் பிள்ளை மாதிரி. அனுமதிக்கு அலைந்ததை விவரிக்க வேண்டாம், ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது, கடைசியில் எழுத்தில் வாங்கிவிட்டோம். பொங்கல் முடிந்து வேலை தொடங்கியது. வலையோடு பரிசலில் துரத்தினால் அவை நடு ஏரிக்குப் போய்விடும், அதனால் சாயங்காலத் தீனி நேரத்தில் கரையில் தட்டி கட்டிப் பிடிக்கத் திட்டம் போட்டோம். அதற்கும் அவை வரவில்லை. மூன்றாவது தெருப் பாட்டி வந்து, தகர டப்பாவைத் தட்டி “பா பா பா” என்று கூப்பிட்டதும் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் வரிசையாகக் கரையேறி அவர் முந்தானைக்குப் பின்னாலேயே தட்டிக்குள் நடந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர். “கறிக்கடைக்குப் போகக் கூடாது, அதை மட்டும் எழுதிக் கொடுங்கப்பா” என்றார், எழுதிக் கொடுத்தோம்.

பெட்டைகள் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஆரணி பக்கம் முட்டைக்காக வளர்க்கும் ஒரு விவசாயியிடம் போயின. ஆண் வாத்துகளை யாரும் வாங்க முன்வரவில்லை, ஒரு விலங்குக் காப்பகம் ஏற்றுக்கொண்டது, அவற்றின் தீவனச் செலவில் ஒரு பங்கை ஒரு வருடம் சங்கம் தரும். கோரையில் கிடந்த முட்டைகளை எடுப்பதற்கு முன் பறவை பார்க்கும் நம் ஆசிரியர் ஒவ்வொரு கூட்டையும் சரிபார்த்தார், புள்ளிமூக்கின் கூட்டில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு கூட்டை அப்படித்தான் விட்டுவைத்தோம்.

இன்னும் சில மஸ்கோவிகள் மிச்சம் இருக்கின்றன. இவற்றால் பறக்க முடியும், ராத்திரி மரத்தில் அடைகின்றன, பிடிக்க ஆள் தேவை, ஞாயிறு சாயங்காலம் வர முடிகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். கரையில் பிரெட், பரோட்டா, பழைய சோறு கொட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வாத்து போன பிறகும் கொட்டுகிறார்கள், இப்போது பெருச்சாளி வருகிறது.

இன்று ஓட்டுக்கு வரும் தீர்மானம் இது: கலங்கல், மதகு, பூங்கா வாசல் மூன்றிலும் பலகை வைப்பது, அதில் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைக் குறிப்பிடுவது (பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது அதன்படி குற்றம்), வளர்க்க முடியாத வாத்து, முயல், ஆமை எதுவானாலும் முதலில் சங்கத்துக்குச் சொன்னால் இடம் தேடித் தருவது. பலகைச் செலவைப் பொருளாளர் தன் கணக்கில் சேர்த்திருக்கிறார். அடுத்து அவர் வாசிப்பார், அதன்பின் ஓட்டெடுப்பு.

செயலாளர்