மாத்திரையை இடிக்கும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக இடித்து, கஞ்சியிலோ மைலோ பானத்திலோ கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாசத்தால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த மருந்தை எந்த வழியில் உடலுக்குள் செலுத்துவது என்பது அதன் அளவைப் போலவே முக்கியமானது.

இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் நிஃபெடிபினில், பல மணி நேரம் சிறுகச் சிறுக மருந்தை வெளிவிடும் வகை உண்டு. அதை இடித்துவிட்டால், நாள் முழுவதற்கும் உரிய மருந்து குறுகிய நேரத்தில் இரத்தத்தில் கலந்து, அழுத்தம் சட்டெனச் சரிந்து, நோயாளி மயங்கி விழ நேரிடலாம். இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்காக மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரைகளையும் இடிப்பது தவறு.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்க வேண்டிய ஜி.டி.என். (கிளிசரில் டிரைநைட்ரேட்) மாத்திரையைச் சிலர் தண்ணீருடன் விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்வதால், அதன் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்கின் அடியில் கரைந்தாலோ முதலில் கல்லீரலுக்குச் செல்லாமல் நேரே இரத்தத்தில் சேர்ந்து, சில நிமிடங்களில் வேலை செய்யும். இரத்த அழுத்தம் குறையும் என்பதால் உட்கார்ந்தபடி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 999 என்ற அவசர எண்ணை அழைப்பதே முறை.

ஊசி போடாத டாக்டருக்குக் கைராசி இல்லை என்று பேசுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊசிக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: இன்சுலின் புரதம் என்பதாலும், வாய்வழி கொடுத்தால் செரிமானமாகிவிடும் என்பதாலும் அதை ஊசியாகப் போடுகிறார்கள். வாய்வழியே நன்கு சேரும் மருந்துக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பதில் பொருளில்லை.

பினாங்கில் நமக்குக் கிடைக்கும் மருந்து உறைகளில் குறிப்புகள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் உள்ளன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அவற்றால் என்ன பயன்? "இடிக்கக் கூடாது", "நாக்கின் அடியில் வைக்கவும்" என்ற இரண்டு குறிப்புகளையாவது தமிழில் அச்சிட்டு ஒட்டுமாறு மருத்துவமனைகளையும் தனியார் கிளினிக்குகளையும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, மருந்து வாங்கும் முகப்பிலேயே, "இதை இடிக்கலாமா? இல்லையென்றால் திரவமாகக் கிடைக்குமா?" என்று குடும்பத்தினர் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பல மருந்துகளுக்கு மாற்று வடிவம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளர்,
பிறை, பினாங்கு.