மனநோய் கண்ட வீட்டுக்கும் நாம் போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலந்தொட்டே, ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பார்கள். 1911ஆம் ஆண்டிலிருந்து மனநோயாளிகளைப் பராமரித்துவரும் மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். மகிழ்ச்சி என்று பொருள்படும் பகாகியா என்ற பெயர் அதற்கு இன்று இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரே வசையாகிவிட்ட ஓர் இடத்துக்கு, தூக்கம் தொலைந்து மனம் ஒடிந்து கிடப்பவர் தாமாக எப்படிப் போவார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்து லயத்தில் மூன்றாம் வீட்டு இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அவரைக் காரில் ஏற்றும்போதே, ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்று வாசலில் நின்ற ஐந்தாறு பேர் பேசி முடிவெடுத்தோம். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், வழக்கு வரும் என்ற பயத்தில், தவறுதலாக நேர்ந்தது என்றே சொல்லப்பட்டது. உடல் தேறி அவர் வீடு திரும்பினார். மனத்தை யாரும் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு நாங்கள் வழிவிடவும் இல்லை. அந்த வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதன்பின் அவருடைய தாயார் மாதக்கணக்கில் கோயில் பக்கமே வரவில்லை. யாருக்காவது மாரடைப்பு என்றால் பழமும் பாலுமாகப் போய் நிற்கிற நாங்கள், அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தோம்.

அன்றைய பயத்துக்கு இப்போது இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க வகைசெய்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இதை அறியாதவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அதே ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டறிந்தது. எந்தத் தோட்டத்தையும் தாமானையும் (வீடமைப்புப் பகுதியையும்) அது விட்டுவைத்திருக்க வாய்ப்பில்லை.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால் அதை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனமே விளக்கியிருக்கிறது. தனியே உட்காரவைத்து, "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டு, வரும் பதிலைக் குறுக்கிடாமல், அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ள நம்மால் முடியும். பிறகு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கக்கூடிய அரசாங்கக் கிளினிக்கிற்குக் கூடவே போகவும் முடியும்.

தமிழ் ஏடுகளிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய மரணங்களை வெளியிடும்போது, எப்படி நேர்ந்தது என்ற விவரத்தையும் அழுகிற வீட்டாரின் படத்தையும் தயவுசெய்து தவிர்த்துவிட்டு, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555ஐயும், மனம் நொந்தவர்கள் பேசுவதைக் கேட்டு ஆறுதல் தரும் தன்னார்வ அமைப்பாக நாள் முழுவதும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸின் 03-76272929 என்ற எண்ணையும் செய்தியின் அடியில் தவறாமல் போடுங்கள்.

சென்ற தீபாவளிக்கு முன்பு, முறுக்கு சுட உதவும் சாக்கில் நாங்கள் நால்வர் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனோம். மாவு பிழிந்துகொண்டிருந்தவர், மகனுக்கு இன்றும் இரவில் தூக்கமில்லை என்று தலை நிமிராமலே சொன்னார். மறுவாரம் மகனை அவர் கிளினிக்கிற்கு அழைத்துப் போனபோது நானும் உடன் போனேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.