தடாகம் பச்சையாகிவிட்டதாமே

கோண்டாவில்
ஜனவரி, ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது நீச்சல் பூல் இல்லை, பாசி பிடித்த கோயில் கேணி. அம்மா பார்த்துவிட்டு, "ஆமை ஒன்றுதான் குறை" என்கிறா. போனில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உப்புத் தண்ணீர்ப் பூல் என்றால் குளோரின் இல்லாத பூல் என்று மருமகன் நினைத்திருக்கிறார் போல. சிட்னியில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாங்கள் போடும் உப்பைத்தான் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் குளோரினேற்றர் மின்சாரத்தால் பிரித்துக் குளோரின் ஆக்குகிறது. கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, எங்களுடைய பூலில் 4 முதல் 5 கிராம். கண்ணீரில்கூட அதைவிடக் கூட இருக்கும்.

புதுவருடத்துக்கு முன் மூன்று நாள் அடை மழை என்றாயே, அங்கேதான் தொடங்கியிருக்கிறது. வெயிலில் தண்ணீர்தான் வற்றும், உப்பு அங்கேயே கிடக்கும். மழையில் நிரம்பி வழிந்தாலோ, பில்ற்றரைக் கழுவி வெளியே விட்டாலோதான் உப்புப் போகும். உப்புக் குறைந்து குளோரினேற்றரில் சிவப்பு லைற் எரிந்திருக்கும், நீங்கள் இருவரும் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டீர்கள். தண்ணீரை ஒரு போத்தலில் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார். லீற்றருக்கு 3 கிராம் என்று வந்தால், 4.5க்குக் கொண்டுவர 50,000 லீற்றருக்கு 75 கிலோ வேண்டும். 20 கிலோ மூட்டை நான்கு. கடைக்காரன் அதோடு ஆறு போத்தல் வேறு என்னென்னவோ தருவான். உப்பும் ஆசிட்டும் திரவக் குளோரினும் போதும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. ஸ்ரெபிலைசர் லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்று சொன்னால் மட்டும் அதையும் வாங்கு. அது இல்லாவிட்டால் சிட்னி வெயில் குளோரினைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும்.

இந்தப் பச்சையைக் குளோரினேற்றர் தனியே வெளுக்காது. அது தெளிந்த தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கத்தான் லாயக்கு. முதலில் பி.எச். பார், அதுதான் தண்ணீரின் அமில, கார அளவு. உப்புப் பூலில் அது தானாக ஏறிக்கொண்டே போகும், 8க்கு மேலே போனால் குளோரின் இருந்தும் இல்லாத மாதிரி. ஆசிட் விட்டு 7.4 அளவுக்குக் கொண்டுவா. அடுத்த நாள் பொழுதுபட்ட பிறகு திரவக் குளோரினை ஊற்றி, இரவு முழுக்கப் பம்பை ஓடவிடு. சுவரெல்லாம் பிரஷ்ஷால் தேய். காலையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாக நிற்கும், பயப்படாதே, அது செத்த பாசி. பில்ற்றர் அதைப் பிடிக்கும். பில்ற்றரில் அழுத்தம் காட்டும் முள் ஏறினால் அதைக் கழுவி விடு. உப்பை அதற்குப் பிறகு போடு. கழுவுகிற தண்ணீரோடு காசு போகவேண்டாம். அது வடிவாகக் கரையும்வரை குளோரினேற்றரை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிடு.

ஆசிட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். வாளியில் முதலில் தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஆசிட். மாற்றி ஊற்றினால் முகத்தில் அடிக்கும். ஆசிட்டும் குளோரினும் ஒரே தட்டில் இருக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சுவாயு.

குளோரினேற்றரின் செல்லை, அதுதான் உப்பைப் பிரிக்கும் தகடுகள் உள்ள பகுதியை, கழற்றியும் பார். இன்று காலை அம்மா கேத்திலின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. செல்லின் தகடுகளுக்கு நடுவிலும் அதே வெள்ளைதான் படியும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆசிட், நுரை அடங்கும்வரை ஊறவிடு, கழுவி மாட்டு. சுரண்டாதே. நான் ஒருமுறை திருப்புளியால் சுரண்டி, தகட்டுப் பூச்சைக் கெடுத்து, அடுத்த வருடமே புதுச் செல் வாங்கினேன். அம்மாவிடம் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொன்னேன். இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டாதே.

பூலில் இலை குப்பை பிடிக்கும் கூடையில் கையை விடமுன் குனிந்து பார். ஃபனல் வெப் என்ற விஷச் சிலந்தி தண்ணீருக்கு அடியில் ஒரு நாள்கூட உயிரோடு கிடக்கும், செத்தது என்று நினைத்து எடுத்துவிடாதே.

கடைசியாகப் பூல் வேலியின் கேற். பாதி திறந்து விட்டுப் பார், தானாக வந்து கொளுவ வேண்டும். போன தடவை வில்லு கொஞ்சம் தளர்ந்திருந்தது. வேலியை ஒட்டிக் கதிரை, பூச்சாடி ஒன்றும் வேண்டாம், 90 சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பது சட்டம். பேரனுக்கு மூன்று வயது, சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லுவேன். பூல் பச்சையாகக் கிடந்தாலும் பரவாயில்லை, இதை இன்றைக்கே பார்.

தண்ணீர் தெளிந்ததும் ஆழமான பக்கத்தில் இரண்டு டொலர் காசு ஒன்றைப் போட்டு, மேலே நின்று தலையா பூவா என்று தெரிகிறதா பார். தெரிந்தால் படம் எடுத்து அனுப்பு. சின்ன வயதில் நான் அப்படிப் போட்டதையெல்லாம் நீ மூழ்கி எடுத்து, ஒன்றையும் திருப்பித் தந்ததில்லை. கணக்கு என்னிடம் இருக்கிறது.

அப்பா