பொழுது படாத ஊரிலிருந்து

பொட்ஸ்பியூர்,
நோர்வே.
30.05.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டிக்கொள்ளுறன்.

தங்கச்சி எழுதின கடிதம் 19ஆம் திகதி கிடைச்சது. சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள் போட்டிருக்கிறாள். உறையை ஆரோ ஒருக்கா உடைச்சு ஒட்டினமாதிரி இருந்தது, ஆனால் உள்ளுக்கை வைச்ச திருநீறு சிந்தேல்லை. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதேல்லை எண்டு நீங்கள் கோவிச்சிருக்கிறது சரிதான். எழுதத் தொடங்கிறது, பேந்து நித்திரை வந்திடும், அடுத்த நாள் பாத்தால் எழுதினது பிடிக்காது. அப்பிடியே நாலு மாதம் போட்டுது. பிழைதான்.

இந்த முறை எழுத ஒரு விசேசம் இருக்கு. நான் கப்பலிலை போய் வந்தனான்! சும்மா வள்ளம் இல்லை, வெள்ளைக்காரர் காசு கட்டி உல்லாசப் பயணம் போற கப்பல். தெற்கே பேர்கன் எண்ட பட்டினத்திலை இருந்து ரஷ்ய எல்லைக்குக் கிட்ட இருக்கிற கிர்க்கெனஸ் மட்டும் கரையோடை கரையாய் வந்து திரும்பிப் போகும், போய்வர 11 நாள். நாள் தவறாமல் ஒவ்வொரு துறையிலையும் ஒண்டு வரும். தபால், சாமான், கார், சனம் எல்லாம் அதிலைதான். காரைப் பாரந்தூக்கியாலை வலையிலை தூக்கி ஏத்தினதைத் தம்பி பாத்திருக்க வேணும். நான் போன கப்பலின்ரை பேருக்கு வடக்கு நட்சத்திரம் எண்டு அர்த்தம். 1956இலை ஹாம்பேர்க்கிலை கட்டினது, அக்காவை விட நாலு வயசு மூப்பு.

என்னெண்டு லீவு கிடைச்சது எண்டு கேப்பியள். இங்கத்தை அரசாங்கம் மீனுக்கும் லீவு குடுக்கும். கடலிலை தொர்ஸ்க் மீன் குறைஞ்சு போச்சு, குஞ்சுகள் வளரட்டும் எண்டு போன மாதம் 18ஆம் திகதியோடை வள்ளக்காரரை நிப்பாட்டிப் போட்டினம். அதாலை எங்கடை கம்பனியிலையும் கொஞ்ச நாளைக்கு ஓய்வு. நானும் எத்தினை நாளைக்கு அறைக்குள்ளை இருந்து சுவரைப் பாக்கிறது, சுத்திப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். லொஃபோத்தன் தீவிலை உரும்பிராய்ப் பெடியன் ஒருதன் இருக்கிறான், அவனையும் பாத்து, அங்கை இன்னொரு ஆளையும் சந்திக்க இருந்தது. (கிணத்தடி மாமி கேட்டால் பழையபடி கம்பனி எண்டே சொல்லுங்கோ. என்ன கம்பனி எண்டு விளக்கத் தேவையில்லை.)

கப்பலிலை கட்டில் போட்ட அறையும் இருக்கு. நான் எடுக்கேல்லை. அறைக்குள்ளை போய்ப் படுத்தால் கடலை ஆர் பாக்கிறது? மேல்தட்டிலை சுத்திவரக் கண்ணாடி போட்ட ஒரு மண்டபம், நல்ல மெத்தைக் கதிரை. கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைச்சால் சொர்க்கம். கீழை விறாந்தையிலை வெள்ளைத் துணி விரிச்ச மேசைகளிலை ஜெர்மன்காரக் கிழவன் கிழவியள் மூண்டு வேளையும் இருந்து சாப்பிடுவினம். அந்தச் சாப்பாடு எங்களுக்கு ஒத்து வராது, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. நான் பாணும், ஒஸ்லோவிலை இருந்து வந்த மிளகாய்த்தூளிலை இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு போனனான். சம்பல் போத்தலைத் திறந்தவுடனை பக்கத்துக் கதிரைக்காரர் மூண்டு கதிரை தள்ளிப் போட்டார். பிறகு பாவம் எண்டு நினைச்சாரோ, தன்ரை பங்கிலை ஒரு துண்டு சீஸ் கொண்டுவந்து தந்தார். இங்கை ஆட்டுப்பால் திரைஞ்சு வடியிற தண்ணியை வத்தக் காய்ச்சி ஒரு மண்ணிறக் கட்டி செய்வினம். பாக்க அச்சொட்டாய் எங்கடை பனங்கட்டி. கண்ணை மூடிக்கொண்டு வாயிலை போட்டன். முதல் இனிப்பு, பிறகு உப்பு, பிறகு ஆட்டு மணம். கண்ணைத் திறந்திட்டன்.

விளக்கு வைக்கிறியோ எண்டு கேட்டிருந்தீங்கள். இப்ப இஞ்சை பொழுது படுறதில்லை அம்மா. வைகாசி நடுவிலை இருந்து ஆடிக் கடைசி மட்டும் சூரியன் கடலுக்குள்ளை இறங்காது, சும்மா வட்டம் சுத்தும். பொழுது படாத ஊரிலை எந்த நேரத்திலை விளக்கு வைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ. நான் ஆறு மணி பாத்து வைக்கிறன். யன்னலுக்குக் கறுப்புச் சீலை.

முதல் நாள் நடுச்சாமம் மேல்தட்டுக்கு வெளியிலை நிண்டன். சிலெட்னெஸ் எண்டு ஒரு வெளிச்சவீடு, ஐரோப்பாப் பெருநிலத்திலை அதுக்கு வடக்கை வேறை வெளிச்சவீடு இல்லையாம். நாங்கள் பருத்தித்துறை வெளிச்சவீட்டடியிலை நிண்டு இதுதான் வடக்கு முனை எண்டு வாயடிக்கிறனாங்கள். இந்த வெளிச்சவீடு வெயில் காலத்திலை வேலையில்லாமல் நிக்கும், லாம்பு கொளுத்தத் தேவையில்லை. சூரியன் அதுக்குப் பக்கத்திலை தேங்காய் உடைச்ச பாதிமாதிரி நிண்டுது. மணிக்கூட்டைப் பாத்தன், சரியாய் பன்னிரண்டு. அங்கை மூண்டரை. இன்னும் அரை மணித்தியாலத்திலை நீங்கள் எழும்பித் துலாவைப் பதிப்பியள், வாளி கிணத்துக் கட்டிலை ஒருக்கா இடிபட்டுத்தான் உள்ளுக்கை போகும். அந்தச் சத்தத்துக்கு எழும்பாமல் இருக்கிறதுக்காண்டி நான் தலாணியாலை காதைப் பொத்தினது ஞாபகம் இருக்கோ? சரி விடுங்கோ. குளிர் கூடினபடியாலை உள்ளுக்கை வந்திட்டன்.

கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றி முந்தி எழுதினனான் எல்லே, பனிக்குள்ளை உடுப்புக் காயப்போட்டு, அது பலகைமாதிரி விறைச்சாப் பிறகு கமக்கட்டுக்குள்ளை இடுக்கிக்கொண்டு போறவ. நான் கப்பலிலை போறன் எண்டு எப்பிடியோ மணந்து பிடிச்சிட்டா. வெளிக்கிடுற அண்டைக்குக் கதவிலை தட்டி ஒரு பையைத் தந்தா. உள்ளுக்கை தும்புக் கட்டை ஒண்டு, சவுக்காரம் ஒண்டு, கடுதாசியிலை ஒரு படம் கீறி. ஹம்மர்ஃபெஸ்ட் துறையிலை கப்பல் கிட்டத்தட்ட ரெண்டு மணித்தியாலம் நிக்கும், அங்கை சவக்காலையிலை தன்ரை தாயின்ரை கல் இருக்கு, தேய்ச்சுக் கழுவி விடு எண்டா. கேக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கடைக்குப் போனால் உப்பு வாங்கிக்கொண்டு வா எண்டமாதிரி.

ஹம்மர்ஃபெஸ்ட் எல்லாம் புதுக் கட்டடம். 1944 கடைசியிலை ஜெர்மன் ஆமி பின்வாங்கேக்கை இந்த வடக்குப் பக்கம் முழுக்கச் சனத்தைக் கலைச்சுப்போட்டு வீடுகளைக் கொளுத்தினவை. அந்தப் பட்டினத்திலை மிஞ்சினது சவக்காலைச் சிற்றாலயம் ஒண்டுதான். கிழவிக்கு அப்ப பதினெட்டு வயசாம். வள்ளத்திலை ஏத்தேக்கை தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடினவவாம், மெசினின்ரை தலையை வீட்டிலை விட்டிட்டு. அந்த மெசின் இப்பவும் உடைஞ்சபடி வீட்டிலை இருக்கு.

படம் கீறினபடியாலை கல்லைக் கண்டுபிடிச்சிட்டன். பாசி. ஒரு பக்கத்திலை இன்னும் பனி கிடந்தது, அதை அள்ளி உருக்கித்தான் தண்ணி. முழங்காலிலை இருந்து தேய்ச்சன். எழுத்துக் குழிகளுக்குள்ளை கிடந்த ஊத்தையைப் பேனை மூடியாலை கிண்டி எடுத்தன். பேர் தெரிஞ்சுது, பிறகு வருசம் தெரிஞ்சுது. நான் ஆர், அந்த மனிசி ஆர்?

அம்மா, ஐயாவுக்கு நான் கொள்ளி வைக்கேல்லை. அந்த ஆனியிலை ஊர் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. எட்டுச் செலவும் முடிஞ்சு, அந்தியேட்டியும் முடிஞ்சுதான் எனக்குக் கடிதம் வந்தது. தம்பிதான் எல்லாம் செய்தவன், பதினாறு வயசிலை. நான் அண்டைக்கு இஞ்சை ஐஸ் தண்ணியிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டனான், ஐயா இருக்கிறார் எண்ட நினைப்பிலை. இதை உங்களுக்கு எழுதக்கூடாது எண்டுதான் இருந்தன். எழுதிப் போட்டன், வெட்டினால் கடுதாசி வடிவில்லை.

கப்பல் ஊத, ஓடி வந்து ஏறினன். கோட்டு முழங்கால் ரெண்டும் ஈரம் எண்டு பாத்த ஒரு கப்பல்காரர் கோப்பி ஊத்தித் தந்து கதை சொன்னார். 1893இலை இந்தச் சேவை தொடங்க முந்தி, தெற்கிலை போட்ட கடிதம் இந்த ஹம்மர்ஃபெஸ்டுக்கு வர வெயில் காலத்திலை மூண்டு கிழமை, மாரியிலை அஞ்சு மாதமாம். முதல் கப்பல் 67 மணித்தியாலத்திலை வந்து சேந்தது. எனக்கு ஊர்க் கடிதம் அஞ்சு கிழமை எண்டு சொன்னன். நல்லாய்ச் சிரிச்சார்.

அடுத்த நாள் பின்னேரம் லொஃபோத்தன். மலையள் கடலுக்குள்ளை இருந்து நேரை எழும்பி நிக்கும், வடிவு எண்டால் வடிவு. ஆனால் நான் பாத்தது மலையை இல்லை, மீனை. வீட்டுக் கூரையளவு மரப் பந்தல், கோயில் கொட்டகை போடுறமாதிரி, அதிலை வாலோடை வால் கட்டி ஆயிரக்கணக்கிலை மீன் தொங்குது. மாசியிலை தொங்கவிட்டு வைகாசி ஆனியிலை இறக்குவினம். உப்பு ஒரு மணியும் இல்லை! குளிரும் காத்தும் மட்டும். தலையளை வேறையாய்க் காயவைச்சு நைஜீரியாவுக்கு அனுப்புவினம், நாக்கை வெட்டி எடுக்கிறது பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை வேலை, அதிலை கைக்காசு உழைக்குங்கள். மணம் மட்டும் எங்கடை முனைக் கடற்கரைதான். உரும்பிராய்ப் பெடியன் மூக்கைப் பொத்தினான். நான் கொஞ்ச நேரம் நிண்டன்.

சந்திக்க இருந்த ஆளைச் சந்திச்சன். ஐயா பிளேனுக்குப் போட எடுத்துத் தந்த வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனன், கை கொஞ்சம் கட்டை. நல்ல மனிசன், பேர் விலாசம் எழுதி வைச்சிருக்கிறார், மாரிக்குப் பிறகு பாப்பம் எண்டார். அது ஒரு சின்ன அலுவல், பெரிசில்லை. திரும்பி வந்த பயணத்திலை சொல்ல ஒண்டும் இல்லை, மழை.

கிழவிக்குக் கல் வெளிச்சிட்டுது எண்டு சொன்னன். தலையை ஆட்டிப்போட்டுத் தும்புக் கட்டையைத் திருப்பிக் கேட்டா.

இனி வீட்டு அலுவல்.

ஐயாவின்ரை ஆண்டுத் திவசத்தைக் குறைவாய்ச் செய்ய வேண்டாம். ஐயருக்குத் தானமும், ஒரு பத்துப் பேருக்குச் சாப்பாடும் காணும். சங்கக்கடை மாமாவிட்டை அரிசியும் பருப்பும் கடனாய் எடுங்கோ, நான் எழுதினதாய்ச் சொல்லுங்கோ. இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும், கொழும்புக் கடைக்காரர் மாறுறதிலை ஏதோ சுணக்கம். ஆடிக்குள்ளை கட்டாயம் வரும்.

அக்காவின்ரை அட்டியலை இந்த வருசமே மீட்க வேணும் எண்டு நான்தான் சொன்னனான், தெரியும். இப்ப அவசரப்பட வேண்டாம். அடைவுகடையிலை வட்டியை மட்டும் கட்டித் துண்டை மாத்தி எடுங்கோ. அத்தான் ஏதும் சொன்னால் எனக்கு எழுதச் சொல்லுங்கோ, உங்களோடை கதைக்க வேண்டாம்.

தங்கச்சிக்கு வந்த புலோலிச் சம்மந்தம் நல்லதுபோலை கிடக்கு. காணியை எழுதிக் குடுக்கிறது எண்டால் கிளாக்கர் மாமாவைக் கொண்டு உறுதியை வடிவாய் வாசிப்பியுங்கோ. காசும் கேக்கினமோ? கேட்டால் அண்ணன் தைக்குள்ளை தருவான் எண்டு சொல்லுங்கோ, தொகை சொல்லாதேங்கோ. பிள்ளை, இதை நீதான் வாசிப்பாய் எண்டு தெரியும். வெக்கப்பட்டு இந்த இடத்தை விழுங்காமல் அம்மாவுக்குச் சத்தமாய் வாசி.

தம்பி ஏசென்சிக்காரனோடை திரியிறான் எண்டு எழுதியிருந்தாள். ஒரு சதமும் கட்ட வேண்டாம். இஞ்சை வந்தால் அடுத்த நாளே வேலை எண்டு ஆரோ சொல்லியிருக்கிறாங்கள். அவன் சோதினையை முதல் எடுக்கட்டும், மற்றதை நான் பாக்கிறன். சந்தியிலை இரவிலை நிக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ.

கிணத்தடி மாமி வேலியை ஒரு முழம் தள்ளி அடைச்சுப் போட்டா எண்ட கதைக்கு வாறன். அவவோடை சண்டை பிடிக்காதேங்கோ. மேற்கு மூலையிலை இருந்து எண்ணினால் எட்டாவது கதியால் பூவரசு, மற்றதெல்லாம் கிளுவை. அந்தப் பூவரசு ஐயா நட்டது, நான்தான் கிடங்குக்குத் தண்ணி ஊத்தினனான். எல்லை அதுதான். விதானையாரைக் கூட்டிக்கொண்டுவந்து அதிலை இருந்து கயிறு பிடிக்கச் சொல்லுங்கோ. பூவரசை வெட்டிப்போட்டா எண்டால் அடிக்கட்டை கிடக்கும், மண்ணைக் கிண்டிப் பாக்கச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு: இனிக் கடிதம் போடேக்கை பழைய விலாசம் எழுத வேண்டாம். நான் மூண்டு பெடியளோடை வேறை அறைக்கு மாறப்போறன், கதைக்க ஆக்கள் இருந்தால் நல்லது எண்டுதான். கிழவியின்ரை விலாசத்துக்குப் போடுங்கோ, உறைக்குப் பின்னாலை எழுதியிருக்கிறன். வடிவான எழுத்திலை எழுதச் சொல்லுங்கோ, அவ கண்ணாடி போடாமல் வாசிக்கிறவ.