உயர்திறன் நுண்ணலை ஆய்வை நாடுவாரியாக வரைபடமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். மிகுந்த திறனுள்ள நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) உண்டாக்கும் கருவிகளை ஆராயும் உயர்திறன் நுண்ணலைத் துறையில் எந்த நாடு எங்கே நிற்கிறது என்பதை ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டு வரைந்து காட்டுகிறீர்கள். நிதி ஒதுக்குவோர் அதைத் தரவரிசைப் பட்டியலாகவே படிப்பதால், தேடுசொல்லைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடும் பிழையைச் சொல்லியாக வேண்டும்.

இத்துறையின் பெயரை ‘high power microwave’ என ஆங்கிலத்தில் இட்டுத் தரவுத்தளத்தில் தேடினால், சில பத்து வாட் தரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் என்ற குறைக்கடத்திச் சாதனமும், சில பத்து நானோநொடிகளுக்குக் கிகாவாட் (நூறு கோடி வாட்) அளவில் துடிப்பை உமிழும், ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்களால் இயங்கும் வெற்றிடக் குழாயான சார்பியல் மேக்னட்ரானும் ஒரே குவியலில் வந்து விழும். அணுக்கரு இணைவு உலையின் பிளாஸ்மாவைச் சூடாக்கும் வெற்றிடக் குழாயான கைரோட்ரானோ, ஐட்டர் என்னும் பன்னாட்டு இணைவு உலைத் திட்டத்துக்காக 170 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாவாட் தருவதாக இருந்தும், பல கட்டுரைகளில் ‘மில்லிமீட்டர் அலை’ என்றே குறிக்கப்படுவதால் விடுபட்டுப் போகும். குறைக்கடத்திச் சாதனங்களில் வலுவான நாடு இதனால் உயர்ந்து தெரியும். கைரோட்ரானில் வலுவான நாடு தாழ்ந்து தெரியும்.

மொழியும் இதே வேலையைச் செய்கிறது. கைரோட்ரான் 1960களில் கோர்க்கியில், அதாவது இன்றைய நிஷ்னி நோவ்கரோதில், உருவானது. அந்தக் காலத்துச் சோவியத் ஆய்வின் கணிசமான பகுதி ருஷ்ய இதழ்களில் கிடக்கிறது. சீனத்திலும் இத்துறை ஆய்வுகளை வெளியிடும் தாய்மொழி இதழ் உண்டு. இவற்றை விட்டுவிட்டு வரையும் வளைகோடு, ஒரு நாடு ஆய்வைத் தொடங்கிய ஆண்டையல்ல, ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய ஆண்டையே காட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது மௌனம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் பெகெஃபியும் ஒர்செகோவ்ஸ்கியும் சார்பியல் மேக்னட்ரானின் கிகாவாட் வெளியீட்டை 1976இல் வெளிப்படையாகவே அச்சிட்டார்கள். ஆனால் மின்னணுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் ஆயுதத்தை ஆய்வு நெருங்க நெருங்க, கட்டுரைகள் குறைவதே இயல்பு. அந்தச் சரிவைத் தேக்கம் என்று படிப்பது, குறைத்துச் சொன்னாலும், அவசர முடிவுதான். மேற்கோள் எண்ணிக்கைக்கும் இது பொருந்தும்.

ஆகவே, பயன்படுத்திய தேடல் வாசகத்தை முழுமையாக வெளியிடுங்கள். குறுந்துடிப்பாக உமிழும் துடிப்பு மூலங்களையும், இடைவிடாது உமிழும் தொடரலை மூலங்களையும் தனித்தனியே வரையுங்கள். பிறமொழி இதழ்களைச் சேர்க்க இயலாவிட்டால் அந்த இடைவெளியை வரைபடத்தின் மேலேயே குறியுங்கள், பின்னிணைப்பில் வேண்டாம்.

இப்படிக்கு,
இத்துறைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்