பரணில் கிடைத்த மாயாவி

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? அப்பாவுக்கு முட்டுவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது தகரப்பெட்டியில் நம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி கிடைத்தான். அட்டை போய்விட்டது. முதல் பக்க மூலையில் பென்சிலில் 'வாடகை 10 காசு' என்று உன் கையெழுத்து. தெருப் பிள்ளைகளுக்கு நீ வாடகைக்கு விட்டாயே, அதே புத்தகம். இருந்த பக்கங்களை ஏணியிலேயே நின்று படித்து முடித்தேன்.

அவன் லண்டன்காரன் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். 1962-இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த தொடர் அது. படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழே நம் ஆள்தான். மூலத்தில் பெயர் 'தி ஸ்டீல் க்ளா'. எஃகு நகம் என்று போட்டிருந்தால் நாம் திரும்பிப் பார்த்திருப்போமா? மாயாவி என்பது பாட்டி சொன்ன கதைகளிலேயே நம் காதில் விழுந்த சொல். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் ஏது? அதை யோசித்து வைத்தவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

என் மகள் கொரியத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறாள். ஒரு நாள் நானும் உட்கார்ந்தேன். அங்கேயும் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அண்ணன், அக்கா முறைதான். ஆங்கில சப்டைட்டிலில் வெறும் பேர் ஓடிய இடத்தில் தமிழ்க் குரல் "அக்கா" என்றது. சட்டென்று நம் தெருப் பெண்கள் பேசுவதுபோல் ஆகிவிட்டது. ஆனால் அடுத்த காட்சியில் ஓர் அம்மா மகனிடம், "நான் உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறேன்" என்கிறாள். எந்த அம்மா அப்படிப் பேசுவாள், சொல்லு? "என் ராசா" என்றால் போதுமே! எனக்கு மனசு ஆறவில்லை. வெளிநாட்டுக் கதைகள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அதை நம் வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவருகிறவருக்கு யோசிக்க நாலு நாள் கூடக் கொடுக்கலாம்.

அப்புறம், புத்தகத்தை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன். கடைசி இரண்டு பக்கங்களைக் காணோம். முடிவு உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாடகைக் கடைப் பங்காளி