காயலான் கடையில் தப்பிய எஞ்சின்கள்

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். தாத்தா ஆன பிறகாவது கையை விட்டு சைக்கிள் ஓட்டுவதை நிறுத்து.

இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் மகள் வீட்டில் குளிரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. போன ஞாயிறு பக்கத்து ஊரான கீத்லிக்குக் கூட்டிப்போய் நீராவி ரயிலில் ஏற்றினாள். மொத்தமே 5 மைல் பாதை. 1962இல் மூடப்பட்டதை ஆர்வலர்கள் சங்கம் அமைத்து 1968இல் மறுபடி ஓடவைத்தார்கள். டிக்கெட் பார்ப்பவர் முதல் கரி அள்ளிப் போடுபவர் வரை பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள்.

லோகோ ஷெட்டிலேயே காலம் கழித்த உனக்குப் பிடிக்கும் கதை ஒன்று உண்டு. டீசலுக்கு மாறியபோது பிரிட்டிஷ் ரயில்வே தன் நீராவி எஞ்சின்களை எடைக்குப் போட்டது. தெற்கு வேல்ஸில் பாரி துறைமுகத்தில் டாய் வுட்ஹம் என்பவருடைய காயலான் கடை. அவர் வாங்கிய எஞ்சின்கள் 297. ஆனால் கூடவே கூட்ஸ் வண்டிகளும் மலையாக வந்து குவிந்தன. அவற்றை உடைப்பது சுலபம். அதனால் எஞ்சின்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரம் கட்டிவிட்டார். உப்புக்காற்றில் துருப்பிடித்து நின்றவற்றை ரயில் பைத்தியங்கள் வசூல் செய்து ஒவ்வொன்றாக மீட்டார்கள். 1968இல் முதலில் வெளியேறியது இந்தக் கீத்லி பாதைக்குத்தான் வந்தது. 1990க்குள் 213 எஞ்சின்கள் தப்பிவிட்டன. அருங்காட்சியகம் நடத்தும் எண்ணமெல்லாம் வுட்ஹமுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கையில் வேலை அதிகம், அவ்வளவுதான்.

இன்னொன்று சொன்னால் திட்டுவாய். எஞ்சினைவிட எனக்குப் பிடித்தது கீத்லி ஸ்டேஷன் வாசலில் இருந்த சின்னம்தான். இரண்டு தண்டவாளக் கோடுகள், எதிரெதிராக இரண்டு அம்புகள். கரிப்புகைப் பெயரை உதறிப் புதுசாகத் தெரியவேண்டும் என்று 1965இல் ரயில்வே கொண்டுவந்தது. வரைந்தவர் ஜெரால்டு பார்னி. தொண்ணூறுகளில் அந்த நிர்வாகத்தையே துண்டு துண்டாக்கித் தனியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்னத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை.

இங்கே பத்து வருடத்துக்கு ஒருமுறை பாய்லரை முழுக்கப் பிரித்துப் பழுது பார்க்கவேண்டுமாம். காசைத் தின்பது அதுதான் என்றார்கள். உங்கள் ஷெட்டில் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பிரிப்பீர்கள்? விவரமாக எழுது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

அன்புடன்,
ராமநாதன்